துப்பாண்டிக்கு வைத்த பொட்டு

செப்டம்பர் 8, திங்கள்

சோதனை ஓட்டம் முடியும்வரை கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நடந்ததையெல்லாம் தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். அதற்கென்று ஆபீஸில் ஒரு தடிமனான நோட்டு கொடுத்தார்கள். அதில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இது வேறு நோட்டு, ரேஷன் கடைக்குப் போகிற வழியில் நானே வாங்கியது. இதை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார்.

பெயர் முப்புடாதி. முதல்நிலைக் காவலர். பதினொரு வருடம் போலீஸ் டிரைவர். அதில் கடைசி நாலு வருடம் நெடுஞ்சாலை ரோந்து வண்டி ஏழு என் கையில் இருந்தது. இந்த மாவட்டத்தில் நாலுவழிச் சாலையில் பெண் ஒருத்தி சைரன் போட்டு ஓட்டியது அதுதான் முதல்முறை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒன்றரை வருடமாக நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வாகனச் சோதனையில் நிற்காமல் பைக்கில் ஓடிய ஒரு பெயின்டரைத் துரத்தினேன். அவன் சாலையோரம் நின்றிருந்த லாரியில் மோதி இறந்துபோனான். வயது இருபத்தேழு. லைசென்ஸ் இல்லை என்று பயந்து ஓடியிருக்கிறான், வேறு குற்றம் எதுவும் இல்லை. நான் நூறு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் போனேன். விசாரணை அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. ரோந்து வண்டியின் முன் கிரில்லில் ஒரு குழாய். பட்டனை அழுத்தினால் பசை தடவிய ஒரு குண்டு பாய்ந்து, முன்னால் ஓடும் வண்டியில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் சிம் இருக்கிறது. அது போகிற இடமெல்லாம் என் திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பெயர் என்னவோ நீளமாகச் சொன்னார்கள். நம் ஆட்கள் ஒரே நாளில் ‘துப்பாண்டி’ என்று வைத்துவிட்டார்கள்.

பயிற்சி கொடுத்த பெங்களூர் இன்ஜினீயர் இரண்டு விஷயம் அழுத்திச் சொன்னார். குழாய்க்கு மேலே ஒரு கண்ணாடிக் கண் இருக்கிறது, அதுதான் குறி பார்க்கிறது. அதைத் தினமும் துடைத்து, பட்டியலில் டிக் போட வேண்டும். இரண்டாவது, குண்டு ஒட்டியதும் சைரனை அணைத்துவிட்டு ரோந்து வண்டி பின்வாங்க வேண்டும். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தால் ஓடுகிறவன் தானாகவே வேகத்தைக் குறைப்பான், யாரும் சாக வேண்டியதில்லை என்றார்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் வண்டி ஓட்ட அனுமதி கேட்டு நான் கொடுத்த மனு எஸ்.பி. ஆபீஸில் கிடக்கிறது. “இந்தச் சோதனைய ஒழுங்கா முடிச்சுக் குடு. நானே சிபாரிசு எழுதுதேன்” என்றார் இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. மாவு அரைக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

முதல் குண்டு ஒட்டிவிட்டது!

சுங்கச்சாவடியில் தடுப்பை இடித்துக்கொண்டு ஒரு கார் பறந்தது. திருட்டுக் கார். ரோந்து ஏழில் பிச்சக்கண்ணு டிரைவர், பக்கத்தில் எஸ்.எஸ்.ஐ. தாவீது. எனக்குப் பிறகு வண்டி பிச்சக்கண்ணு கைக்குத்தான் போனது. நல்ல டிரைவர், கொஞ்சம் அவசரக்காரன். தாவீது ஐயா பட்டனை அழுத்தினார், ஒட்டிக்கொண்டது. நான் பின்வாங்கச் சொன்னேன்.

நூற்று இருபதில் ஓடிய புள்ளி நாலு நிமிடத்தில் எழுபதுக்கு இறங்கியது. இன்ஜினீயர் சொன்னது அப்படியே நடந்தது. அரைமணி நேரம் கழித்து ஒரு புரோட்டா கடையில் சால்னாவில் கை வைத்திருந்தபோது அவனைப் பிடித்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். சந்தோஷம்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு இன்று லீவு. அவர் பெயர் பாலையா, அரசு பஸ் கண்டக்டர். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். “எம் பொண்டாட்டிக்கு கவர்மென்ட்டே டிவி வாங்கிக் குடுத்து, உக்காந்து பாருட்டின்னு சம்பளமும் குடுக்கு” என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கரண்டியை எறிந்தேன், படவில்லை.

சாப்பிடும்போது திடீரென்று கேட்டார், “அந்தப் பெயின்டர் பய செத்தானே, அன்னைக்கு நீ எவ்வளவு தூரத்துல போன?”

“ஐம்பது மீட்டர் இருக்கும்” என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

செப்டம்பர் 27, சனி

பிச்சக்கண்ணு கட்டுப்பாட்டு அறைக்கு வந்து சண்டை போட்டான். நேற்று ஒரு வண்டியில் குண்டு ஒட்டி, நான் பின்வாங்கச் சொல்லி, கடைசியில் அது பிடிபட்டும் அவனுக்கு ஆறவில்லை.

“கண்ணு முன்னால போறவன விட்டுட்டு, ஸ்கிரீன நம்பச் சொல்லுதீயளேக்கா. ஒங்களுக்கு எங்க போறான்னு தெரியும். யாரு போறான்னு தெரியுமா?”

“ஒட்டுன வண்டில அவன்தானடே இருப்பான்? வேற யாரு இருப்பா?”

“நீங்க மட்டும் இந்த ஸ்டீயரிங்ல இருந்தா பின்வாங்குவீயளாக்கா?”

வாங்குவேன் என்றேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். இந்தத் துறையில் எல்லோருக்கும் என்னைப் பற்றி ஏதோ ஒன்று தெரிந்ததுபோல் ஒரு சிரிப்பு இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. ரோந்து வண்டிகள் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எனக்கு டூட்டி மதியம்தான், ஆனாலும் காலையிலேயே போய்விட்டேன். நான்கு வருடம் ஏழுக்கு நான்தான் பொட்டு வைத்தேன், போன வருடம் கூப்பிடவே இல்லை. இந்த முறை பிச்சக்கண்ணே போன் போட்டு, “வாங்கக்கா, ஒங்க வண்டிதான” என்றான். அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

வாழைக்கன்று, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தது. இன்ஸ்பெக்டர் சூடம் காட்டினார். பெரிய அதிகாரிகளும் வந்து நின்றார்கள். தாவீது ஐயா சூடத்தைத் தொட்டுக் கும்பிட மாட்டார், ஆனால் படம் எடுப்பதும் பொரிகடலை தின்பதும் அவர்தான். ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்காதபோது சீட்டில் உட்கார்ந்தும் பார்த்தேன்.

எல்லாப் பொட்டும் வைத்து முடித்த பிறகு கிண்ணத்தில் சந்தனம் மிச்சமிருந்தது. துப்பாண்டியும் ஆயுதம்தானே என்று யாரோ சொன்னார்கள். “இதுக்கு ஒத்தக் கண்ணுதான். நெத்தி எங்கக்கா இருக்கு?” என்று பிச்சக்கண்ணு கேட்க, எல்லோரும் சிரித்தோம். அதற்கும் பொட்டு வைக்கப்பட்டது.

பொரி ஒரு பை கொண்டுவந்தேன். பாலையா பாதியைத் தின்றுவிட்டார்.

அக்டோபர் 3, வெள்ளி

எழுத முடியுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

பிற்பகல் மூன்று நாற்பது. சம்பங்குளம் சோதனைச் சாவடியில் ஒரு வெள்ளைக் கார் நிற்காமல், தடுப்பைப் பிடித்திருந்த ஏட்டையாவையும் இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது. ஏட்டையாவுக்கு விலா எலும்பு முறிந்துவிட்டது. நம் ஆளையே இடித்தான் என்றதும் மைக்கில் எல்லோருக்கும் குரல் மாறிவிட்டது, எனக்கும்தான். ரோந்து ஏழு பின்னால் போனது.

தாவீது ஐயா நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். மேம்பாலம் இறங்கும் இடத்தில் நெருங்கிவிட்டார்கள். குறி கிடைத்ததற்கான பச்சை விளக்கு எரிகிறது என்றார், அழுத்தினார். “ஒட்டிட்டு!” என்று கத்தினார். என் திரையில் புள்ளி கண் விழித்தது.

“ரோந்து ஏழு, சைரன அணைச்சுப் பின்வாங்குங்க” என்றேன்.

பிச்சக்கண்ணு மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். “அக்கா, ஒட்டுனது எதுலன்னு எனக்குச் சரியாத் தெரியல. எடப்பக்கம் ஒரு குட்டியானை லோடு வண்டி போச்சு. கார் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. விடாமப் போகவா?”

“பச்சை வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்போ பின்வாங்கு. இது ஆர்டர்.”

அவன் பின்வாங்கினான். புள்ளி எண்பத்து நாலு. எழுபத்தொன்று. அறுபத்திரண்டு. அச்சு அசலாகச் சொன்னபடி நடக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர் என் நாற்காலியைத் தட்டினார்.

புள்ளி நாலுவழிச் சாலையை விட்டு ஆத்தியடி விலக்கில் திரும்பிக் கிராமத்து ரோட்டில் போனது. ஓரிடத்தில் ஆறு நிமிடம் நின்றது. கிளம்பி நாற்பது மீட்டர் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. “பின்னால ஆள் வருதான்னு பாக்கான்” என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். பிறகு மறுபடியும் கிளம்பியது.

முன்னால் கால்வாய்ப் பாலத்தில் உள்ளூர் ஸ்டேஷன் ஆட்கள் ஆணிச் சட்டத்தோடு புதருக்குப் பின்னால் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வளைவில் வண்டி தெரியாது. என் எண்ணிக்கைக்குத்தான் சட்டத்தை இழுக்க வேண்டும். நான் எண்ணினேன். முன்னூறு மீட்டர். இருநூறு. நூறு. “இப்போ இழுங்க.”

ஒரு குரல், “கன்ட்ரோல், இது கார் இல்ல, குட்டியானை...”

புள்ளி பூஜ்யத்துக்கு வந்தது. மைக் திறந்தே கிடந்தது. ஒரு மனிதர் ‘யம்மா, யம்மா’ என்று அலறுவதைக் கட்டுப்பாட்டு அறை முழுக்கக் கேட்டோம். இன்ஸ்பெக்டர் எட்டி ஒலியைக் குறைத்தார்.

அக்டோபர் 4, சனி

அவர் பெயர் செல்லத்துரை. வயது ஐம்பத்திரண்டு. வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஆணியையும் ஆட்களையும் பார்த்து வண்டியை ஒடித்ததில் கால்வாய்க்குள் இடப்பக்கமாகக் கவிழ்ந்து, அவரும் அந்தப் பக்கம் சரிந்து, கதவுக்கும் கல்லுக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. இன்று காலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குண்டு அவருடைய வண்டியின் பின்கதவில்தான் ஒட்டியிருந்தது. வெள்ளைக் கார் நேராக மாவட்ட எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

சமைக்கவில்லை. பாலையா ஓட்டலில் வாங்கி வந்தார். எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பிச்சக்கண்ணு வீட்டுக்கு வந்தான். பாலையா டூட்டிக்குப் போயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அக்கா, துப்பாண்டி கண்ணுல சந்தனம் காஞ்சு அப்பிக் கெடந்துச்சு. குட்டியானை கவுந்த அன்னைக்குச் சாயந்தரமே ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டேன். இன்ஜினீயர் நேத்துதான் வந்து பாத்தாரு. அப்போ கண்ணு சுத்தமா இருந்துச்சு.”

கண் மங்கியிருந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் பொதுவாகக் கேட்டானாம். பக்கத்தில் பெரிதாக எது தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு பச்சை காட்டிவிடும் என்றாராம்.

“தெனமும் தொடச்சு டிக் போடணும்லாடே?”

“டிக் போட்டேன்க்கா. தொடைக்கல. பூசைக்கு வச்ச பொட்ட ரெண்டு நாள்ல எப்படி அழிக்க? அதுவா உதுந்தாத்தான் உண்டு. எந்த டிரைவர் அழிப்பான்? நீங்க அழிப்பீயளா?”

அழிக்க மாட்டேன். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட அழித்ததில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பொட்டால வந்த வினைன்னு நம்ம ரெண்டு பேருக்குந்தான் தெரியும். நீங்க வாயத் தொறந்தா பொய் டிக் போட்டதுக்கு நான் போவேன், பொட்டு வச்சதுக்கு நீங்க போவீய. ஒங்க மனு எஸ்.பி. டேபிள்ல இருக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. ஒங்க காலப் புடிச்சுக் கேக்கேன்க்கா.”

குனிந்தே விட்டான். தடுத்தேன். சொல்ல மாட்டேன் என்றேன்.

ஆம். பொட்டு வைத்தது நான்தான். நெற்றி எது என்று தெரியாமல், சிரித்துக்கொண்டே, கண்ணுக்கு மேல் வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வெள்ளைக் கார்க்காரர்கள் பக்கத்து மாவட்டத்தில் பெட்ரோல் போட நின்றபோது அகப்பட்டார்கள். முன்விளக்கு உடைந்திருப்பதைப் பார்த்து, பங்க்கில் வேலை பார்க்கும் பெண் போன் போட்டாளாம். ஒரு புள்ளியும் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அறிக்கையைக் காட்டினார். கருவியில் கோளாறு இல்லை. ஊழியர்களிடம் தவறு இல்லை. குட்டியானை ஓட்டுநர் தப்பியோடிய காருக்கு உடந்தையாக வேண்டுமென்றே குறுக்கே புகுந்து மறைத்திருக்கிறார். பிறகு கிராமத்துச் சாலையில் திரும்பி, நின்று, பின்னால் போலீஸ் வருகிறதா என்று நோட்டம் பார்த்திருக்கிறார். தடுத்தபோது நிற்காமல் தப்ப முயன்றிருக்கிறார். அவர்மேல் வழக்கு.

அந்த ‘நோட்டம் பார்த்தார்’ என்பது என் வார்த்தை. மைக்கில் நான் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

“அவரு எலை ஏத்திட்டுப் போன ஆளுய்யா” என்றேன்.

“விசாரணைல பாத்துக்கிடலாம். பூசையில எடுத்த போட்டோ ஏதும் போன்ல இருந்தா அழிச்சிரு. எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

மனு கையெழுத்தாகிவிட்டது. தீபாவளி கழித்து வண்டி எடுக்கலாம். இதற்காக ஒன்றரை வருடம் கோயில் கோயிலாகப் போனேன். பாலையா அல்வா வாங்கி வந்தார், பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சாதாரணச் சேலையில்தான் போனேன், ஆனாலும் வாசலிலேயே அவருடைய மனைவி கண்டுகொண்டார். பேச்சியம்மாள் என்று பெயர். செருப்பைப் பார்த்தே போலீஸ் என்று தெரிந்ததாம்.

“கையெழுத்து வாங்க வந்தீயளா? ஒண்ணும் கெடையாது. ஒரு காலத்தான் எடுத்திட்டீயள்லா, இன்னும் எத எடுக்கணும்?”

“கையெழுத்துக்கு வரலக்கா. அன்னைக்கு ஸ்கிரீன்ல அண்ணாச்சி வண்டியப் பாத்துக்கிட்டு இருந்தது நான்தான். ஆணிய இழுக்கச் சொன்னதும் நான்தான்.”

அந்த அம்மா என் கன்னத்தில் ஒன்று விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சீருடையில் இருந்திருந்தால் அதுவே ஒரு வழக்கு. நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அது தேவையாக இருந்தது.

செல்லத்துரை கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. “விடு பேச்சி” என்றார். பிறகு என்னிடம், “எம் பின்னால எவ்வளவு நேரமா வந்தீயம்மா?” என்று கேட்டார்.

“இருபத்தஞ்சு நிமிஷம் அண்ணாச்சி.”

“எனக்குத் தெரியவே தெரியாதேம்மா.”

ஆறு நிமிடம் எதற்கு நின்றீர்கள், எதற்குத் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டேன். டீ குடித்தாராம். துண்டைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போய், எடுத்துவரத் திரும்பினாராம். இதைச் சொல்லும்போது தான் ஏதோ தப்புச் செய்ததுபோல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பொட்டு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நாளைக்கு ஏ.டி.எஸ்.பி. விசாரணை.

பத்தடி. அந்தப் பெயின்டருக்கும் எனக்கும் நடுவில் இருந்தது பத்தடி. நூறு மீட்டரும் இல்லை, ஐம்பதும் இல்லை. அவன் சட்டையில் என்ன பெயின்ட் தெறித்திருந்தது என்று இப்போதும் சொல்வேன். பச்சையும் வெளிர் மஞ்சளும். மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை திரும்பியபோதுதான் லாரி வந்தது. எனக்கு அன்று அவனைப் பிடிக்க வேண்டும் என்று இல்லை, ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

அவனுக்காக நான் எங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது யாருக்காகச் சொல்ல வேண்டுமோ அவர் உயிரோடு இருக்கும்போது இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. பிச்சக்கண்ணுவுக்குப் போன் போட்டு, சொல்லப்போகிறேன் என்றேன். “நாசமாப் போங்க” என்று வைத்துவிட்டான்.

அக்டோபர் 14, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொட்டு, துடைக்காமலே போட்ட டிக், பச்சை விளக்கு, பிச்சக்கண்ணு எச்சரித்தும் நான் கேட்காதது, டீக்கடை, என் எண்ணிக்கை. ஏ.டி.எஸ்.பி. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பொட்டு வச்சதுக்கு என்னம்மா ஆதாரம்?”

போனை எடுத்துக் காட்டினேன். தாவீது ஐயா எடுத்து எனக்கு அனுப்பிய படம். என் கட்டைவிரல் கண்ணாடிமேல் இருக்கிறது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் சூடத் தட்டோடு நிற்கிறார்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “பின்னால கும்பிட்டுக்கிட்டு நிக்கது யாருன்னு தெரியுதா?”

“நீங்கதான்யா.”

அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“இத நான் எழுதிக்கிடலேன்னா?”

“அந்த அண்ணாச்சியோட வக்கீல்ட்ட குடுத்திருவேன்யா.”

“வண்டி ஓட்ட ஆர்டர் வந்திருக்காமே ஒனக்கு?”

“வந்திருக்குய்யா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, “இந்தம்மா சொல்லுததச் சொன்னபடி எழுது. படத்தையும் சேரு” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஆர்டர் ரத்து. என்னை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள், கருவூலத்துக்குக் காவல். இனி எந்த அரசு வண்டியிலும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். பிச்சக்கண்ணு சஸ்பெண்ட். என்னோடு பேசுவதில்லை. அவன் மனைவி சந்தையில் என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். செல்லத்துரைமேல் போட்ட வழக்கைக் கைவிடப்போவதாக வக்கீல் சொன்னார்.

துணியெல்லாம் துவைத்துப் போட்டேன். மழை வந்துவிட்டது.

நவம்பர் 21, வெள்ளி

நேற்று பேச்சியம்மாள் போன் போட்டார். “கோர்ட்டுல வண்டிய விட்டுட்டாவ. டயர் மாத்தி, மெக்கானிக்கும் பாத்துட்டாரு. ஆனா எடுத்துட்டு வர எங்கூர்ல ஒரு பயலும் போலீஸ் காம்பவுண்டுக்குள்ள வர மாட்டேங்கான். நீங்க டிரைவர்தான?” என்று கேட்டார். குரலில் அன்பெல்லாம் இல்லை, வேறு வழியில்லாமல் கேட்டது.

லீவு போட்டுவிட்டுப் போனேன். செல்லத்துரை ஆட்டோவில் வந்திருந்தார், கையில் ஊன்றுகோல். இடப்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தாலும் குட்டியானை எழுந்து நின்றது. அவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நசுங்கிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். மனைவியைப் பின்னால் ஆட்டோவில் வரச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஏற்றிவிடக் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.

சாவியைத் திருப்பினேன். ஒன்றேமுக்கால் வருடம் கழித்து என் காலடியில் ஒரு எஞ்சின் உறுமியது. சந்தோஷப்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் பட்டேன். மறைப்பானேன்.

காம்பவுண்டை விட்டு வெளியே வந்து நாலுவழிச் சாலையில் ஏறினேன். அவர் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூன்று கிலோமீட்டர் போயிருப்போம், பின்னால் சைரன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன், ரோந்து வண்டி. எங்களுக்காக வரவில்லை, எங்கோ அவசரமாகப் போகிறது. அவருக்கு அது எப்படித் தெரியும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு இல்லாத காலை உள்ளே இழுக்கப் பார்த்தார். தொடை மட்டும் துள்ளியது.

நான் ஓரம்கட்டி நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரோந்து வண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. சத்தம் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தேன்.

“அண்ணாச்சி, போயிட்டாவ.”

அவர் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நெற்றியெல்லாம் வேர்வை. அப்போதுதான் சொன்னேன். கண்ணாடிக் கண்ணில் பொட்டு வைத்தது நான், அதனால்தான் குண்டு உங்கள் வண்டியில் ஒட்டியது என்று. வக்கீல் சொல்லி அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

“தெரியும்மா. தெரிஞ்சுதான் ஒங்கள வரச் சொன்னேன். பேச்சி வேண்டாம்னா. நாந்தான் சொன்னேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“வேற எவன் ஓட்டுனாலும் எனக்கு நடுக்கமாத்தான் இருக்கும். நீங்கன்னா ஒங்களுக்கும் நடுக்கமா இருக்கும்லா.”

வண்டியை எடுத்தேன். எங்களைத் தாண்டிப் போன பஸ்காரர்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள்.

“எம்புட்டுல போவுது?” என்று கேட்டார்.

“முப்பது.”

“போதும்மா” என்றார். ஆத்தியடி விலக்குவரை முப்பதிலேயே போனேன்.